ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒரு தண்ணீர் லாரி! நானோ பொருட்களால் அதைச் சுருக்க முடியுமா? எளிய விளக்கம்

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். போய்விட்டு அன்றே திரும்பி வர, ஹைட்ரஜனில் ஓடும் ஒரு காருக்கு ஒரு கிலோ எரிபொருள்கூட முழுதாகத் தேவைப்படாது. டொயோட்டாவின் மிராய் கார், 5.6 கிலோ ஹைட்ரஜனில் 640 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்பது அமெரிக்க அரசின் அளவீடு. புகைக்குழாயில் வருவது வெறும் தண்ணீர்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்த ஒரு கிலோவை எங்கே வைப்பது? சாதாரண வெப்பநிலையில், அழுத்தம் ஏதும் கொடுக்காமல் வைத்தால் ஒரு கிலோ ஹைட்ரஜன் பிடிக்கும் இடம் சுமார் 12,000 லிட்டர். அதாவது கோடையில் தெருவுக்கு வரும் பெரிய தண்ணீர் லாரியின் டேங்க் முழுக்க. சிதம்பரம் போய்த் திரும்ப, காருக்குப் பின்னால் ஒரு தண்ணீர் லாரியைக் கட்டி இழுக்க வேண்டும்.

2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டத்தின் மதிப்பு 19,744 கோடி ரூபாய். 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் தயாரிப்பது இலக்கு. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் ஒரு சோதனை நிலையமும் திறக்கப்பட்டது. அதன் உற்பத்தித் திறன் மணிக்கு 10 கன மீட்டர். எடையில் பார்த்தால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நம் கணக்கில், ஒரு மணி நேர உற்பத்தி என்பது ஒரு கார் கடலூரிலிருந்து சிதம்பரம் போய் வருவதற்குச் சரியாக இருக்கும்.

தயாரிக்கத் தெரியும், எரிக்கவும் தெரியும். நடுவில் இருக்கும் 'சேமிப்பு' என்ற படிதான் உலகம் முழுக்க ஆய்வாளர்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. அதற்கு விடை நானோ பொருட்களில் இருக்கிறது என்று கால் நூற்றாண்டுக்கும் மேலாகச் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. உண்மையில் எதுவரை வந்திருக்கிறது?

கேஸ் சிலிண்டர் மாதிரி அடைக்க முடியாதா?

நம் வீட்டு சமையல் கேஸ் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. அதை ஆட்டிப் பார்த்தால் உள்ளே திரவம் குலுங்குவது தெரியும். கொஞ்சம் அழுத்தினாலே எல்பிஜி சாதாரண வெப்பநிலையில் திரவமாகிவிடும். அதனால்தான் அவ்வளவு வாயு அந்தச் சின்ன சிலிண்டருக்குள் அடங்குகிறது.

ஹைட்ரஜன் அப்படி மசியாது. மைனஸ் 240 டிகிரி செல்சியஸுக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது, வாயுவாகவே இருக்கும். ஆக இரண்டு வழிகள்தான். ஒன்று, பயங்கர அழுத்தத்தில் வாயுவாக அடைப்பது. இன்னொன்று, மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்குவது.

முதல் வழியைப் பார்ப்போம். தொழிற்சாலைகளில் நிற்கும் 50 லிட்டர் இரும்பு சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் ஹைட்ரஜனை நிரப்பினால், உள்ளே இருப்பது அரை கிலோவுக்குச் சற்று மேல். சிலிண்டரின் எடையோ 50 கிலோவுக்கு மேல். அரை கிலோ சரக்குக்கு அரை மூட்டை இரும்பு! மிராய் காரில் கார்பன் இழை சுற்றிய விலை உயர்ந்த தொட்டிகள், அழுத்தம் 700 பார். கார் டயரில் இருப்பதைப் போல 300 மடங்குக்கும் அதிகம். அப்படியும் தொட்டியும் வாயுவும் சேர்ந்த மொத்த எடையில் ஹைட்ரஜனின் பங்கு 6 சதவீதத்தைத் தொடவில்லை.

இரண்டாவது வழியில், ஹைட்ரஜனுக்குள் இருக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அதைத் திரவமாக்கவே செலவாகிவிடும். எவ்வளவு நல்ல தொட்டியாக இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டும் இருக்கும். ராக்கெட்டுக்குச் சரி. நாலு நாள் வீட்டு வாசலில் நிற்கும் காருக்குச் சரிவராது.

அழுத்தம் என்றால் பயமும் கூடவே வரும். 2019 ஜூனில் நார்வே தலைநகர் ஓஸ்லோ அருகே சாண்ட்விகாவில் ஒரு ஹைட்ரஜன் நிரப்பு நிலையம் வெடித்தது. உயர் அழுத்தத் தொட்டியின் பிளக்கில் சில போல்ட்டுகள் சரியாக முறுக்கப்படாததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. காற்றில் 4 சதவீதம் முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரிவதும் கடினம். மிக லேசானது என்பதால் திறந்த வெளியில் சட்டென்று மேலே போய்விடும் என்பது மட்டும் ஆறுதல். ரசாயன ஆலைகளுக்குப் பக்கத்தில் குடியிருந்து பழகிய கடலூர் சிப்காட் பகுதி மக்களிடம் '700 பார்' என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு கிராமுக்குள் ஒன்றே முக்கால் ஏக்கர்

இங்கேதான் நானோ பொருட்கள் உள்ளே வருகின்றன. ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். அந்த அளவில் துளைகளோ, குழாய்களோ, தூள்களோ கொண்டவைதான் நானோ பொருட்கள்.

வாயுவை அழுத்தி அடைப்பதற்குப் பதில், ஒரு திடப்பொருளின் மேற்பரப்பில் ஒட்டவைத்தால் என்ன? இதுதான் யோசனை. பள்ளி வேதியியலில் 'பரப்புக் கவர்ச்சி' என்று படித்திருப்பீர்கள். வாட்டர் ஃபில்டரில் இருக்கும் ஆக்டிவேட்டட் கார்பன், தண்ணீரில் இருக்கும் வாடையைப் பிடித்துவைப்பது அப்படித்தான். ஒட்டுவதற்கு இடம் வேண்டும். அதாவது பரப்பு வேண்டும்.

ஒரு பொருளைத் துளைத்துக்கொண்டே போனால் அதன் உள்பரப்பு கூடிக்கொண்டே போகும். நல்ல ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு கிராமில் 1,000 சதுர மீட்டருக்கு மேல் உள்பரப்பு இருக்கும். நம்ம ஊர்க் கணக்கில் 25 சென்ட் மனை. கிராஃபீன் என்ற ஒற்றை அணு தடிமன் கொண்ட கார்பன் தாளுக்குக் கணக்குப்படி 2,630 சதுர மீட்டர். 'மாஃப்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் உலோக-கரிமச் சட்டகங்களில் சில 7,000 சதுர மீட்டரைத் தொட்டிருக்கின்றன. ஒரு கிராமுக்குள் ஒன்றே முக்கால் ஏக்கர்! சிதம்பரம் பக்கத்துக் காணிக் கணக்கில் சொன்னால் ஒன்றேகால் காணிக்கும் மேல். ஒரு சிட்டிகைப் பொடிக்குள் அவ்வளவு இடம்.

இந்த மாஃப்களை உருவாக்கியதற்காகத்தான் சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி ஆகிய மூவருக்கும் 2025-ம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இதில் யாகி பங்கேற்ற குழு 2003-லேயே 'மாஃப்-5' என்ற பொருள் தன் எடையில் 4.5 சதவீதம் ஹைட்ரஜனைப் பிடிக்கும் என்று அறிவித்தது.

அப்போ வேலை முடிஞ்சுதே என்று தோன்றும். அந்த அறிவிப்பில் இருந்த வெப்பநிலையைக் கவனிக்க வேண்டும். மைனஸ் 195 டிகிரி செல்சியஸ்.

சில்வர் பீச் மணலும் ஹைட்ரஜனும்

கடலூர் சில்வர் பீச்சில் காலை நனைத்துவிட்டு நடந்தால் மணல் ஒட்டும். கால் காய்ந்ததும் தானாக உதிரும். அதே காலில் தார் பட்டிருந்தால், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தால்தான் போகும். ஹைட்ரஜன் சேமிப்பின் மொத்தச் சிக்கலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

கார்பன், மாஃப் போன்றவற்றின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் மூலக்கூறு மிக லேசாகத்தான் ஒட்டுகிறது. பிடிப்பின் வலு ஒரு மோலுக்கு 4 முதல் 7 கிலோஜூல். நம் ஊர் வெயிலில் மூலக்கூறுகள் துள்ளும் துள்ளலுக்கு அந்தப் பிடி போதாது, உதிர்ந்துவிடும். அதனால் திரவ நைட்ரஜன் கொண்டு மைனஸ் 196 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டியிருக்கிறது. அந்தக் குளிரில் 500 சதுர மீட்டர் பரப்புக்கு ஒரு சதவீதம் ஹைட்ரஜன் ஒட்டும் என்பது ஆய்வாளர்கள் கையில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. அதே கார்பனை அறை வெப்பநிலையில் வைத்து 100 பார் அழுத்தம் கொடுத்தாலும் பெரும்பாலும் ஒரு சதவீதம்கூடத் தேறாது.

எதிர்முனையில் இருப்பது தார் மாதிரி. மெக்னீசியம் உலோகம் ஹைட்ரஜனோடு வேதிவினை புரிந்து மெக்னீசியம் ஹைட்ரைடு ஆகும். எடையில் 7.6 சதவீதம் ஹைட்ரஜன், அருமையான எண். ஆனால் பிடிப்பின் வலு மோலுக்குச் சுமார் 75 கிலோஜூல். கழற்றி எடுக்கக் கிட்டத்தட்ட 300 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும்.

தேவைப்படுவது இடையில் ஒன்று, சுமார் 15 கிலோஜூல் வலு. சாதாரண வெப்பநிலையில் பிடிக்கவும் வேண்டும், கேட்டபோது விடவும் வேண்டும். அந்த நடு இடத்தில் எடை குறைவாகவும் விலை மலிவாகவும் ஒரு பொருள் இன்னும் சிக்கவில்லை.

உலகையே ஏமாற்றிய ஈரம்

கார்பன் நானோ குழாய்களின் கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1997-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒற்றைச் சுவர் நானோ குழாய்கள் 5 முதல் 10 சதவீதம் வரை ஹைட்ரஜனைப் பிடிக்கக்கூடும் என்பது அவர்கள் மதிப்பீடு. அடுத்த ஆண்டே பாஸ்டனில் இன்னொரு குழு, கிராஃபைட் நானோ இழைகளில் 60 சதவீதத்துக்கும் மேல் என்றது. உலகமே பரபரத்தது. அந்த 60 சதவீதத்தை வேறு எந்த ஆய்வகத்தாலும் திரும்பச் செய்துகாட்ட முடியவில்லை.

1999-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு அறிவிப்பு. லித்தியம் கலந்த நானோ குழாயில் 20 சதவீதம். அடுத்த ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் யாங் அதே சோதனையைச் செய்து பார்த்தார். எடை கூடியதற்குப் பெரும்பகுதிக் காரணம் ஹைட்ரஜன் அல்ல, அந்த வாயுவில் கலந்திருந்த ஈரப்பதம் என்று காட்டினார். லித்தியம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, அதை ஹைட்ரஜன் கணக்கில் எழுதவைத்திருக்கிறது.

இதில் யாரும் வேண்டுமென்றே பொய் சொன்னதாக நினைக்க வேண்டியதில்லை. அளப்பது அவ்வளவு கடினம். சோதனைக்கு எடுக்கும் பொருள் பெரும்பாலும் ஒரு கிராமுக்கும் குறைவு. அதில் ஒட்டும் ஹைட்ரஜன் மில்லிகிராம் கணக்கு. குழாய் இணைப்பில் நூலிழை கசிவு இருந்தால்கூட, 'காணாமல் போன' வாயு எல்லாம் பொருளுக்குள் போய்விட்டதாகக் கருவி காட்டும். அறையின் வெப்பநிலை கொஞ்சம் மாறினாலும் கணக்கு மாறும். இதனாலேயே அமெரிக்க எரிசக்தித் துறை, யார் புதிய எண் சொன்னாலும் சரிபார்க்க டெக்சாஸ் மாகாணத்தின் சான் அன்டோனியோவில் தனியாக ஒரு சோதனைக்கூடம் வைத்தது. 2006-ல், வேறெதுவும் கலக்காத ஒற்றைச் சுவர் நானோ குழாய்களை வாகன எரிபொருள் சேமிப்புக்காக இனி ஆராய வேண்டாம் என்றும் முடிவெடுத்தது.

அதன் பிறகும் ஆய்வு நிற்கவில்லை, திசை மாறியது. நானோ குழாயில் வேறு பொருளைச் சேர்த்துப் பிடிப்பின் வலுவைக் கூட்டலாமா என்று பார்க்கிறார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் ஆய்வாளர்கள், போரேன் சேர்த்த நானோ குழாய்களில் செய்த சோதனைகள் சர்வதேச இதழில் வெளியாகியிருக்கின்றன. சென்னை ஐஐடியில் எஸ்.ராமபிரபுவின் ஆய்வகம் உலோகக் கலவைகள், நானோ குழாய்கள், கிராஃபீன் மூன்றிலும் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறது. வாரணாசியில் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தின் ஓ.என்.ஸ்ரீவாஸ்தவா, உலோக ஹைட்ரைடு தொட்டி வைத்து மோட்டார் சைக்கிளும் மூன்று சக்கர வண்டியும் ஓட்டியே காட்டினார். 2016-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2021-ல் காலமானார்.

மெக்னீசியத்தை நானோ அளவுக்கு அரைத்து, கொஞ்சம் வினையூக்கி சேர்த்தால் ஹைட்ரஜன் உள்ளே போவதும் வெளியே வருவதும் பல மடங்கு வேகமாகிறது. இது உண்மையான முன்னேற்றம். ஆனால் வேகம் கூடியதே தவிர, தேவைப்படும் சூடு பெரிதாகக் குறையவில்லை. இன்னொரு தொல்லை, அவ்வளவு நுண்ணிய மெக்னீசியத் தூள் காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும்.

'சாதனை' செய்தி வந்தால் என்ன பார்க்க வேண்டும்?

மாதம் ஒரு முறையாவது 'ஹைட்ரஜன் சேமிப்பில் புரட்சி' என்று ஒரு தலைப்பு கண்ணில் படும். எங்களைப் போன்ற செய்தித் தளங்களும் அதற்கு விதிவிலக்கு இல்லை. அதில் சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் தேடுங்கள். '8 சதவீதம்' என்பது மைனஸ் 196-லா, 30 டிகிரியிலா?

அடுத்து, அது சோதனையா, கணினிக் கணக்கீடா என்று பாருங்கள். கிராஃபீன் மேல் டைட்டானியமோ கால்சியமோ வைத்தால் எத்தனை ஹைட்ரஜன் ஒட்டும் என்று கணினியில் போட்ட கணக்குகள் ஏராளம். இந்தியப் பல்கலைக்கழகங்களில் செலவு குறைவு என்பதால் இந்த வகை அதிகம். பயனில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் அந்தப் பொருளை யாராவது செய்து பார்த்தார்களா என்பது வேறு கேள்வி.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. சொல்லப்படும் சதவீதம் பொடிக்கா, முழுத் தொட்டிக்கா? பொடியை வைக்க ஒரு தொட்டி, சூடாக்கவும் குளிர்விக்கவும் குழாய்கள், வால்வுகள் எல்லாம் சேர்ந்தால் பொடியில் 6 சதவீதம் என்பது தொட்டியில் 3 ஆகிவிடலாம். கார்களுக்கு அமெரிக்க எரிசக்தித் துறை வைத்திருக்கும் இறுதி இலக்கான 6.5 சதவீதம், முழு அமைப்புக்கும் சேர்த்துத்தான். சென்னை ஐசிஎஃப்பில் 2025 ஜூலையில் சோதிக்கப்பட்ட ஹைட்ரஜன் ரயில் பெட்டியிலும் எரிபொருள் இருப்பது அழுத்தம் ஏற்றிய சிலிண்டர்களில்தான்.

பண்ருட்டி முந்திரி ஓடு உதவுமா?

கடலூர் மாவட்டத்துக்கு இதில் என்ன இருக்கிறது? மூலப்பொருள் இருக்கிறது. பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரிப் பருப்பு எடுத்தபின் மிஞ்சும் ஓடு மலை மலையாகக் குவிகிறது. எண்ணெய் எடுத்த பிறகு பெரும்பாலும் அடுப்புக்குத்தான் போகிறது. அதைக் கரியாக்கி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்து 700-800 டிகிரியில் சுட்டால் நுண்துளைகள் நிறைந்த ஆக்டிவேட்டட் கார்பன் கிடைக்கும். தேங்காய்ச் சிரட்டையில் இது ஏற்கெனவே பெரிய தொழில். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி போன்றவற்றிலிருந்தும் ஆக்டிவேட்டட் கார்பன் செய்ய முடியும்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரியிலோ வேதியியல் படிக்கும் மாணவருக்கு இது எட்டாத வேலை இல்லை. சூளையும் சில ரசாயனங்களும் போதும். செய்வதைவிடச் செலவு பிடிப்பது அளப்பதுதான். திரவ நைட்ரஜன், பரப்பளவைக் கண்டறியும் கருவி, உயர் அழுத்தத்தில் வாயு அளக்கும் கருவி எல்லாம் வேண்டும். ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். முந்திரி ஓட்டுக் கரியும் கார்பன்தான். குளிர் வேண்டும் என்ற விதி அதற்கும் பொருந்தும். 'முந்திரி ஓட்டில் கார் ஓடும்' என்று யாராவது தலைப்பு வைத்தால் நம்ப வேண்டாம்.

கார் வேண்டாம், கட்டடத்தில் வைக்கலாமா?

எடை என்பது வண்டிக்குத்தான் எமன். ஓர் இடத்தில் அசையாமல் இருக்கும் தொட்டிக்கு எடை பெரிய விஷயமே இல்லை. லாந்தனம்-நிக்கல் கலவை அறை வெப்பநிலையிலேயே, சில பார் அழுத்தத்திலேயே ஹைட்ரஜனை உள்ளிழுத்து, லேசாகச் சூடாக்கினால் விட்டுவிடும். எடையில் 1.4 சதவீதம்தான் பிடிக்கும் என்பதால் காருக்கு ஆகாது. ஆனால் இதே வகை ஹைட்ரைடு தொட்டிகளை வைத்துக்கொண்டு ஜெர்மனியின் 212 ரக நீர்மூழ்கிக் கப்பல்கள் கடலுக்கடியில் ஓடுகின்றன. கப்பலுக்கு எப்படியும் அடியில் கனம் வேண்டும்.

2011 டிசம்பர் 30 அதிகாலை 'தானே' புயல் கடலூரைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு நேரத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தத் தொட்டி இருந்தால்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ ஹைட்ரஜனை எரிபொருள் மின்கலத்தில் செலுத்தினால் சுமார் 16 யூனிட் மின்சாரம் கிடைக்கும். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏ.எச். பேட்டரி ஒன்றில் 1.8 யூனிட் என்றால், ஒன்பது பேட்டரிக்குச் சமம். அந்த ஒரு கிலோவைப் பிடிக்க 70 கிலோவுக்குச் சற்று அதிகமான உலோகக் கலவை வேண்டும், தொட்டியோடு சேர்த்து 100 கிலோவைத் தாண்டும். சுகாதார நிலையத்தின் பின்பக்க அறையில் ஒரு மூலையில் வைத்துவிடலாம்.

மறுபக்கமும் இருக்கிறது. அந்த ஒரு கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் போடவேண்டும். போட்டது 50, திரும்பி வருவது 16. ஓர் இரவுக்குத் தாங்கினால் போதும் என்றால் லித்தியம் பேட்டரியே லாபம், போட்டதில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடும். ஹைட்ரஜன் தொட்டிக்கு அர்த்தம் வருவது ஒரு வாரம், பத்து நாள் என்று இருள் நீளும்போதுதான். பெரிய அளவுக்குப் போக வேண்டுமானால் தொட்டியைப் பெருக்கினால் போதும், மின்கலத்தைப் பெருக்க வேண்டாம். நெய்வேலியில் என்எல்சி நிறுவனம் 130 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்திருக்கிறது. பகலில் மிஞ்சும் சூரிய மின்சாரத்தை மழைக்காலத்துக்கு எடுத்துவைக்க முடியுமா என்ற கேள்வியும் இந்தக் கணக்கில்தான் வந்து நிற்கும்.

அழுத்தம் குறைவு என்றால் ஆபத்தே இல்லையா என்று கேட்டால், அப்படியும் சொல்ல முடியாது. 2019 மே மாதம் தென்கொரியாவின் கங்னுங் நகரில் ஓர் ஆய்வு வளாகத்தில் ஹைட்ரஜன் தொட்டி வெடித்து 2 பேர் இறந்தார்கள். சூரிய மின்சாரத்தில் தண்ணீரைப் பிரிக்கும் சோதனை அமைப்பு அது. தொட்டிக்குள் ஹைட்ரஜனோடு ஆக்சிஜன் கலந்ததே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. வாயுவின் தூய்மையை எந்நேரமும் கண்காணிக்கும் சென்சாரும், அந்த சென்சார் வேலை செய்கிறதா என்று பார்க்க ஓர் ஆளும் இல்லாமல், எந்த நானோ பொருளையும் ஒரு சுகாதார நிலையத்தின் பின்பக்க அறையில் கொண்டுபோய் வைக்க முடியாது.